தும்மல் வந்தால்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை எது என்பதை, அது பையை இறக்கி வைக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவரையே அந்த வருடம் புதிதாக வந்த ஒரு பாடம் திணறடித்தது.

பாடத்தின் பெயர் ‘என் மனசு’. புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. தங்களுக்குள் எழும் கோபத்தையும் பயத்தையும் அழுகையையும் பிள்ளைகள் இன்னதென்று அடையாளம் கண்டு, அதைச் சமாளிக்கப் பழக வேண்டும். தினமும் காலையில் முதல் இருபது நிமிடம். இதற்காக டீச்சருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பெரிய அட்டையையும் ஒரு பை நிறைய துணி கிளிப்பையும் ஒரு கையேட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஐந்து முகங்கள்: கோபம், சோகம், பயம், சந்தோஷம், அமைதி. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கிளிப்பைத் தனக்குப் பொருத்தமான முகத்தருகே மாட்ட வேண்டும். அதன்பின் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்வார்கள். பேச விரும்புகிறவர்கள் பேசலாம். கோபம் பொங்கினால் வயிற்றில் கை வைத்து ஐந்து மூச்சு இழுத்து விட வேண்டும்.

கையேட்டில் வட்டத்துக்கான விதிகளும் இருந்தன. ‘வட்டத்தில் பேசியது வட்டத்தை விட்டு வெளியே போகாது’ என்பது முதல் விதி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று: ‘யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ஆசிரியர் அதை வெளியே சொல்ல வேண்டிவரும். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடவும்.’

டீச்சர் முதல் விதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாவதை விட்டுவிட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஆபத்து, அது இது என்று பேச்செடுப்பானேன் என்று அப்போது தோன்றியது.

முதல் இரண்டு வாரம் ஒரே கூத்து. வகுப்பில் ஒருவன் வாயை மூடவே மாட்டான். எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் முதல் நாளே கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையின் முன்னால் நின்றான்.

“டீச்சர், பசிக்கு மூஞ்சியே இல்லையே?”

“பசி மனசுல வராதுடா. வயித்துல வர்றது.”

“எனக்கு மனசுலயும் வருது டீச்சர்.”

மறுநாள் அதே ரேடியோ பக்கத்துப் பையனின் முதுகில் ஒரு குத்து விட்டான். கூப்பிட்டு விசாரித்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: “நீங்க சொன்ன மாதிரி அஞ்சு மூச்சு விட்டுட்டுதான் டீச்சர் அடிச்சேன்.”

சாயங்காலம் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனாலும் தான் செய்துகொண்டிருப்பது பாடமா விளையாட்டா என்ற குழப்பம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கணக்கு என்றால் தப்பு தப்பு, சரி சரி. இதில் எதற்கு மார்க் போடுவது?

மூன்றாவது வாரத்தில்தான் பட்டாணியின் கிளிப் அவர் கண்ணில் பட்டது.

வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பள்ளி பஸ் டிரைவரின் மகள். குனிந்த தலை நிமிராமல் எழுதுவாள், கேட்டால் பதில் சொல்வாள், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை டீச்சர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். அவளுடைய கிளிப் பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவே, எந்த முகத்திலும் சேராமல் மாட்டியிருந்தது. மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும்.

“ஏன்டா, ஏதாவது ஒண்ணுல மாட்டு. நடுவுல தொங்குதே,” என்றார் டீச்சர்.

“ரெண்டும் இருக்கு டீச்சர்.”

“ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி இருக்கும்?”

பட்டாணி யோசித்தாள். “தெரியல. ஆனா இருக்கு.”

இன்னொன்றையும் டீச்சர் கவனித்தார். பட்டாணி தும்மமாட்டாள். தும்மல் வருவது அவள் முகத்திலேயே தெரியும்; உடனே இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு, முகம் சிவந்துபோகும்வரை அடக்குவாள். சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து டீச்சர் அவளை ஜன்னல் பக்கம் மாற்றி உட்காரவைத்தார். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்வாள், அதுவும் காலையிலும் பள்ளி விடும் நேரத்திலும் மட்டும். காலையில் சாப்பிடாமல் வருகிறாளோ என்று கேட்டுப் பார்த்தார். சாப்பிட்டேன் என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வட்டத்தில் அவள் முதல்முறையாகக் கையைத் தூக்கினாள்.

“நான் அப்பா கூட பஸ்ல முன் ஸீட்டுல உட்காருவேன். அப்போதான் ரெண்டும் வரும்.”

“சரி. சந்தோஷம் எதுக்கு?”

“அப்பா என்னைத்தான் நம்பறார்.”

“பயம் எதுக்கு?”

பட்டாணி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தும்மல் வந்தா என்ன பண்றது?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “தும்மிட்டுப் போ!” என்றான் ரேடியோ.

“தும்மும்போது கண்ணு மூடிக்கும்ல?” என்றாள் அவள்.

டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் சில சமயம் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு பயப்படும் என்று நினைத்து, “தும்மறது உடம்புக்கு நல்லதுதான்,” என்று ஏதோ சொல்லி வட்டத்தை முடித்தார். ஆனால் இரண்டாம் பீரியட் முழுக்க அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. பலகையில் நாற்பத்தெட்டை எட்டால் வகுத்து ஏழு என்று எழுதினார். பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

இடைவேளையில் ரேடியோவைத் தனியே கூப்பிட்டார். அவனும் அதே பஸ்ஸில்தான் வருகிறவன்.

“பட்டாணி பஸ்ல முன்னாடி உட்கார்ந்து என்னடா பண்ணுவா?”

“அவதான் டீச்சர் பஸ்ஸையே ஓட்டறா,” என்றான் ரேடியோ பொறாமையோடு. “இடது பக்கம் சைக்கிள், வலது பக்கம் ஆளு, இடது பக்கம் நாய்னு சொல்லிட்டே வருவா. நான் ஒரு நாள் உட்காரட்டுமான்னு கேட்டேன். டிரைவர் மாமா விடவே மாட்டேன்னுட்டார்.”

ஒருவேளை அப்பாவும் மகளும் விளையாடும் விளையாட்டாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விளையாட்டென்றால் தும்மலுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மதியம் சாப்பாடு முடிந்ததும் பட்டாணியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். “அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலையாடா?”

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. “நேரா நல்லாத் தெரியும் டீச்சர். பக்கத்துலதான்...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “வட்டத்துல சொன்னது வெளியே போகாதுன்னு சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்.”

“அம்மாவுக்குக் கூடத் தெரியாது. நீங்க சொல்லிடக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கீங்க.”

டீச்சர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி அசைத்து வைத்தார். அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பட்டாணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

பள்ளி விட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. டீச்சர் மருந்துக் கடையில் வேலை செய்யும் தன் கணவருக்குப் போன் போட்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே வரியில் முடித்தார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரிய டீச்சர்கிட்ட சொல்லிடு.”

“அந்த மனுஷன் வேலை போயிடும்ங்க.”

“பஸ் எங்கயாவது போய் மோதினா?”

“நான் பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அப்ப எதுக்கு எனக்குப் போன் பண்ணின? இப்ப என்கிட்ட சொல்லிட்டியே.”

டீச்சர் பட்டென்று போனை வைத்துவிட்டார். கணவர் மேல் எரிச்சல் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை; அதனால் எரிச்சல் கூடியது. அதன் அடியில் வேறு என்னவோவும் இருந்தது. வகுப்பறைச் சுவரில் ஐந்து முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. தனக்கு ஒரு கிளிப் இருந்தால் எங்கே மாட்டுவது என்று யோசித்தார். ஓர் இடமும் தோன்றவில்லை.

பெரிய டீச்சரின் அறைக்குப் போனார். பூட்டியிருந்தது. வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வர நாலு மணி ஆகும் என்றார்கள். பஸ் கிளம்புவது மூன்றரைக்கு. போனில் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அரைகுறையாகச் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பில் எப்படிக் கை வைப்பது? முதலில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு சரியா என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார்.

மூன்றரைக்கு அவரும் பஸ்ஸில் ஏறினார்.

“என்ன டீச்சர், இன்னிக்கு நம்ம வண்டியிலயா?” என்றார் டிரைவர் சிரித்தபடி. நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதினோரு வருடமாக ஓட்டுகிறவர்; வண்டியில் ஒரு பிள்ளைக்கும் இதுவரை கீறல்கூடப் பட்டதில்லை.

“ஸ்கூட்டர் ரிப்பேர் அண்ணா,” என்று பொய் சொன்னார் டீச்சர்.

எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஸீட்டில் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் கண்கள் சுருங்கின. அவளுக்கு நேர் பின்னால் டீச்சர் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் கிளம்பியது. பின்னாலிருந்த பிள்ளைகளின் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் குனிந்து காதைக் கொடுத்தபோதுதான் அந்தச் சின்னக் குரல் கேட்டது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, மூச்சுவிடாமல்.

“இடது சைக்கிள். போயிடுச்சு. வலது பைக் ரெண்டு. ஒண்ணு போயிடுச்சு. இடது கடைக்கிட்ட ஆளு, நிக்கறாங்க. இடது ஒண்ணுமில்ல. வலது ஒண்ணுமில்ல.”

டிரைவர் தலையைத் திருப்பவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் கைகளும் கால்களும் வேலை செய்தன. அத்தனை கச்சிதமாக இருந்தது. ஒரு நிமிடம் டீச்சர் எல்லாவற்றையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாக நடக்கிற ஒன்றை நிறுத்தத்தான் வேண்டுமா என்றுகூட நினைத்துவிட்டார்.

நான்கு நிறுத்தம் தாண்டியாயிற்று. ஒன்பது பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். ஐந்தாவது நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு திருப்பம். அங்கே ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புத் தூசி குபுகுபுவென்று உள்ளே வந்தது.

பட்டாணியின் குரல் நின்றது.

டீச்சர் பார்த்தார். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்திருந்தாள். கண்களை முடிந்தமட்டும் விரித்திருந்தாள், கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும். இடது பக்கம் ஒரு பெண் தள்ளுவண்டியோடு சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார். பட்டாணியின் கை அந்தப் பக்கம் நீண்டது, ஆனால் குரல் வரவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார்.

“அண்ணா! நிறுத்துங்க!”

டீச்சர் கத்திய கத்தலில் பஸ் குலுங்கி நின்றது. பிள்ளைகள் முன் ஸீட்டுகளில் போய் இடித்துக்கொண்டார்கள். தள்ளுவண்டியின் முன்சக்கரத்துக்கும் பஸ்ஸின் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. அந்தப் பெண் வண்டியைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கண்ணாடி மறைச்சிடுச்சு,” என்றார் டிரைவர். “இந்தச் சைடு கண்ணாடியை மாத்தச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் குடுத்தேன்...”

“வண்டியை ஓரமா விட்டுட்டு இறங்கி வாங்க அண்ணா.”

“எதுக்கு?”

“பேசணும்.”

வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கியதும் அவர் வெடித்தார். “என்ன பேசணும்? டீச்சர்னா வகுப்புல டீச்சர். என் வண்டியில ஏறி உட்கார்ந்துகிட்டு நொட்டை சொல்ல உங்களை யார் அனுப்பினா? பதினோரு வருஷமா ஓட்டறேன்!”

“உங்களுக்குப் பக்கவாட்டுல தெரியல. அதை மறைக்காதீங்க.”

“யார் சொன்னது?”

டீச்சரின் பார்வை தன்னையும் அறியாமல் படிக்கட்டுப் பக்கம் போய் வந்தது. அங்கே பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். மூக்கிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.

“நான் தும்மல டீச்சர்,” என்றாள். “தும்மவே இல்லப்பா. சத்தியமா. அடக்கிட்டேன். அடக்கினதாலதான் சொல்ல முடியல. இனிமே சரியா பண்றேம்பா. தண்ணி குடிச்சா தும்மல் வராதுன்னு சொல்றாங்க, நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

டிரைவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

“தும்மலா? என்ன தும்மல்?”

“தும்மினா கண்ணு மூடிக்கும். அப்ப யாராவது குறுக்க வந்துட்டா? அதான் ராத்திரியெல்லாம்கூடப் பழகிட்டிருக்கேன்.”

“உனக்கு இது விளையாட்டுன்னுல்ல பாப்பா நினைச்சேன்,” என்றார் அவர். “உனக்குப் பிடிச்சிருக்குன்னு...”

“பிடிச்சிருக்குப்பா,” என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே அழத் தொடங்கினாள். அழுகையோடு தும்மலும் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கடுக்காக. ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். டிரைவர் பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் ஆக வேண்டியதெல்லாம் வேகமாக நடந்தது. டீச்சர் மறுபடி பெரிய டீச்சரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தார். அரை மணி நேரத்தில் இன்னொரு பஸ்ஸின் டிரைவர் வந்து மீதிப் பிள்ளைகளை வீட்டில் விட்டார். சாவியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டாணியின் அப்பாவே கழற்றி டீச்சர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பெரிய டீச்சர், டீச்சரை அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டுவாரா திட்டுவாரா என்று தெரியாமல் போனவருக்கு இரண்டும் கிடைத்தன.

“கண்டுபிடிச்சது நல்ல காரியம். ஆனா தெரிஞ்சும் பஸ்ஸைக் கிளம்ப விட்டீங்களே, அதை என்னன்னு சொல்றது?”

“சந்தேகம்தான் இருந்துச்சு மேடம்.”

“சந்தேகம் போதும்,” என்றார் பெரிய டீச்சர். “இருபத்திரண்டு பிள்ளைங்க.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சாண் இடைவெளி கண்முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றி அவர் யாரிடமும் வாதாடவில்லை.

டிரைவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். இனி பஸ் ஓட்டக்கூடாது. ஒரு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார்களாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். வேலை போய்விடும் என்று இவர் போகவில்லை. பஸ் நிறுத்தும் ஷெட்டில் உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமைதான் பட்டாணி வகுப்புக்கு வந்தாள். கிளிப்பை எங்கும் மாட்டவில்லை. வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் டீச்சருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்று டீச்சர்தான் முதலில் பேசினார். அதற்காக முதல் நாள் சாயங்காலம் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தார். எழுதியது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வட்டத்துக்கு ரெண்டு விதி இருக்கு. நான் உங்களுக்கு ஒண்ணைத்தான் சொன்னேன். யாருக்காவது ஆபத்துன்னா நான் வெளியே சொல்லித்தான் ஆகணும். அதை முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லாம வாக்குக் குடுத்தேன். அப்புறம் அந்த வாக்கை மீறிட்டேன்.”

“அப்ப எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது டீச்சர்?” என்றான் ரேடியோ.

“எல்லாத்தையும் சொல்லலாம்.”

“நீங்க வெளிய சொல்லிட்டீங்கன்னா?”

“சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்.”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது போதுமா போதாதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பட்டாணி திரும்பினாள். “எங்கப்பா டிரைவர்,” என்றாள். “பஸ் ஓட்டலன்னா அவர் யாரு?”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள்.

“நீங்க பொய் சொன்னீங்க. ஸ்கூட்டர் ரிப்பேர்னு சொன்னீங்க. ரிப்பேரே இல்ல. எனக்கு உங்க மேல கோபம். ரொம்பக் கோபம்!” கத்திக்கொண்டே எழுந்தாள். கிளிப் வைத்திருந்த டப்பாவை ஒரு உதை விட்டாள். அறை முழுக்கக் கிளிப்புகள் சிதறின. மூன்று வருடத்தில் அவள் குரல் அந்தப் பள்ளியில் இவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

ஐந்து மூச்சு இழுத்துவிடச் சொல்லலாமா என்று டீச்சர் நினைத்தார். சொல்லவில்லை. ரேடியோ தானாகவே வயிற்றில் கை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தான். அவனுக்குப் பயமாக இருந்திருக்கும்.

“ஆமாம், பொய்தான்,” என்றார் டீச்சர். “நீ கோபப்படறது நியாயம்தான்.”

பட்டாணி மூச்சு வாங்க நின்றாள். இன்னும் கொஞ்சம் கத்த வேண்டுமென்றுதான் இருந்தாள் போலிருக்கிறது; எதிரே யாரும் தடுக்காததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. குழம்பிய குரலில் சொன்னாள். “ஆனா வயித்து வலி இல்ல.”

“எப்போதிலேருந்து?”

“அன்னியிலேருந்து. கோபமும் இருக்கு, வலியும் இல்ல. அது ஏன்?”

“எனக்குத் தெரியலடா,” என்றார் டீச்சர்.

அன்று அந்தப் பாடம் நாற்பது நிமிடம் ஓடியது. கணக்குப் பீரியடில் பாதி போய்விட்டது. ஆளாளுக்கு ஒரே நேரத்தில் தங்களுக்குள் இருந்த இரண்டு மூன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி பிறந்ததில் ஒருத்திக்குச் சந்தோஷமும் எரிச்சலும். நாய் செத்ததில் ஒருவனுக்குச் சோகம், கூடவே இனி அதைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் அதைச் சுவரிலேயே விட்டுவிட்டார். சிதறிய கிளிப்புகளைப் பட்டாணியும் ரேடியோவும் பொறுக்கிப் போட்டார்கள்.

பள்ளி விட்டபோது டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளை நடந்தே அழைத்துப் போக வந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் தயங்கினார். வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்றது.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்,” என்றார். “நன்றி சொல்ல வரல. அதுக்கு இன்னும் மனசு வரல.”

“சொல்ல வேண்டாம் அண்ணா.”

“இவ வீட்டுல ஒரே ரகளை பண்றா. நேத்து தண்ணிப் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சா. அவங்க அம்மாவை எதிர்த்துப் பேசறா. இத்தனை நாள் வாயே திறக்காத பிள்ளை. அவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தா.”

“இத்தனை நாள் பயந்துகிட்டு இருந்தா.”

“இப்ப?”

“இப்பக் கோபப்படறா.”

“இதுல எது பரவாயில்ல? நீங்கதானே இதைச் சொல்லிக் குடுக்கறீங்க?”

கையேட்டில் இதற்கு என்ன போட்டிருந்தது என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் போட்டிருக்கவில்லை. “எனக்கும் சரியாத் தெரியல அண்ணா. ஆனா உங்க முன்னாடி கத்தறா, எறியறா. நீங்க தாங்கிப்பீங்கன்னு அவளுக்கு ஒரு தைரியம் வந்திருக்குன்னு நினைக்கிறேன். பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கா வாங்கி வைங்க.”

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. “ஷெட்டு வேலைக்குச் சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “அங்க நின்னு மத்தவன் வண்டி எடுக்கறதைப் பார்க்கணும். அதை நினைச்சாதான்...” என்று இழுத்து, முடிக்காமல் விட்டார்.

பட்டாணி வெளியே வந்தாள். பையைக் கழற்றி அப்பாவின் தோளில் மாட்டினாள். டீச்சர் நிற்பதைப் பார்க்காத மாதிரி செருப்பு வாரைச் சரி செய்தாள். இரண்டு பேரும் நாலடி நடந்திருப்பார்கள். அவள் மட்டும் நின்று திரும்பினாள்.

“நாளைக்கு வருவேன்,” என்றாள் டீச்சரைப் பார்த்து. “ஆனா உங்ககூடப் பேசமாட்டேன்.”

“சரி,” என்றார் டீச்சர்.

“புதன்கிழமையும் பேசமாட்டேன்.”

“சரிடா.”

அவள் இன்னும் ஏதோ யோசித்தாள். வியாழக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் பின்னால் ஓடினாள்.